ஃப்ளெக்ஸ் கடையிலிருந்து வந்த எழுத்து

எங்கள் கேம் வெளிவர இன்னும் சில வாரங்கள்தான் இருந்தன. அப்போது பார்த்து அந்த மின்னஞ்சல் வந்தது. கேமை இணையக் கடைகளில் ஏற்றி விற்கப்போகிற வெளிநாட்டுக் கம்பெனி, சின்னக் கம்பெனிதான், மரியாதையாகக் கேட்டிருந்தது: விளையாட்டில் பயன்படுத்தியிருக்கும் எழுத்துருக்களுக்கு உரிமம் இருந்தால் அனுப்பி வையுங்கள். நான் அதை மாடிப்படியில் நின்றபடியே படித்தேன். படித்துவிட்டு, 'எழுத்துக்குக்கூடவா உரிமம், இவனுங்களுக்கு வேற வேலையே இல்லையா' என்று வாய்விட்டுத் திட்டினேன். கீழே அப்பா உப்பு லாரிக்காரரோடு போனில் கத்திக்கொண்டிருந்ததால் என் சத்தம் யாருக்கும் கேட்கவில்லை.

அப்பா மரக்காணத்தில் உப்பளம் குத்தகை எடுத்து நடத்துகிறவர். எங்கள் வீட்டு மாடி ஜன்னலைத் திறந்தால் பாத்திகள்தான் தெரியும். சென்னையில் பார்த்துக்கொண்டிருந்த சாஃப்ட்வேர் வேலையை விட்டுவிட்டு அந்த மாடி அறையில் உட்கார்ந்து நான் கேம் செய்ய ஆரம்பித்தபோது வீட்டில் யாரும் என்னைப் பைத்தியம் என்று நேராகச் சொல்லவில்லை. 'எப்ப முடியும்?' என்று மட்டும் சாப்பாட்டுக்குச் சாப்பாடு கேட்டார்கள். எனக்கு அது இன்னும் எரிச்சல்.

கேம் சிக்கலானது ஒன்றுமில்லை. விளையாடுகிறவர் ஓர் உப்பளத்தை நடத்த வேண்டும். தண்ணீர் பாய்ச்சி, காய விட்டு, மழை வருவதற்குள் உப்பை வாரி மேட்டில் குவித்து ஓலை போட்டு மூட வேண்டும். தாமதித்தால் மழை எல்லாவற்றையும் கரைத்துவிடும். கூட வேலை செய்கிற பெண்கள் நம்மைப் பார்த்துச் சும்மா இருக்க மாட்டார்கள், பேசிக்கொண்டே இருப்பார்கள். அந்தப் பேச்சுதான் கேமின் உயிர். அதை எழுதியது நான் இல்லை, என் தோழி.

அவள் கடற்கரைக் குப்பத்துக்காரி. பள்ளிக்கூடத்திலிருந்து எனக்குப் பழக்கம். பஜாரில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் டிசைனராக இருந்தாள். காதணி விழா, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி, கட்சித் தலைவர் பிறந்தநாள் என்று இந்தப் பக்கத்துச் சாலை முழுக்க அவள் போட்ட பேனர்தான். நான் கூப்பிட்டதும் அந்த வேலையை விட்டுவிட்டு வந்தாள். கேமின் படங்கள் எல்லாம் அவள் வரைந்தது. வசனம் முழுவதும் அவள் எழுதியது. நான் புரோகிராம் எழுதினேன், அப்புறம் அவள் வசனத்தை இங்கிலீஷில் மாற்றினேன். விளையாடுகிறவர் உப்பை வாராமல் நின்றுகொண்டே இருந்தால் பக்கத்துப் பாத்திப் பெண் ஒருத்தி சொல்வாள்: 'வானத்தப் பாத்துக்கினே நில்லு. உப்பு தானா நடந்து வந்து மூட்டையில ஏறிக்கும்.' இதை நான் இங்கிலீஷில் எழுதிப் பார்த்தேன். செத்துப்போய்விட்டது. தமிழில்தான் அதற்கு வாய்.

மின்னஞ்சலைப் படித்த சூட்டோடு அவளுக்குப் போன் போட்டேன்.

"ஏண்டி, நம்ம கேம்ல இருக்கற ஃபாண்டு எங்கேர்ந்து எடுத்த?"

"கடையிலேர்ந்துதான். ஏன், நல்லா இல்லையா?"

"லைசென்ஸ் இருக்குதா?"

"இன்னாடி கேக்கற? ஃபாண்டுக்கு இன்னா லைசென்ஸு? பென்டிரைவ்ல போட்டு எடுத்தாந்தேன்."

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. எனக்கும் அன்றைக்குத்தான் உட்கார்ந்து படித்துப் புரிந்தது. பேனரில் அச்சடித்தால் அங்கே இருப்பது எழுத்தின் படம் மட்டும். கேமில் அப்படி இல்லை. எழுத்துருவின் கோப்பையே உள்ளே வைத்து, வாங்குகிற ஒவ்வொருவர் கணினிக்கும் செல்லுக்கும் அனுப்புகிறோம். இன்னொருவர் உழைத்துச் செய்த பொருளைப் பிரதி எடுத்து ஊர் ஊராகக் கொடுப்பதுதான் அது. கணினியில் எழுத்துருவைப் பயன்படுத்த உரிமம் வாங்கியவர்களுக்கே அதைக் கேமுக்குள் வைக்கத் தனி உரிமம் தேவைப்படலாம். எங்களிடம் எந்த உரிமமும் இல்லை.

சரி, யாரும் பயன்படுத்தலாம் என்று செய்தவர்களே திறந்து விட்டிருக்கும் தமிழ் எழுத்துரு எத்தனையோ இருக்கிறது, ஒன்றை எடுத்து மாற்றிவிடலாம் என்று மாற்றினேன். திரை முழுக்கக் கிறுக்கல். நாங்கள் கேம் செய்த கருவியில் தமிழ் எழுத்துகள் ஒழுங்காகச் சேராது, கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் ஓடும். அதனால் ஆரம்பத்திலேயே, ஃப்ளெக்ஸ் கடைகளில் அடிக்கிற பழைய முறையில், அந்த எழுத்துருவுக்கென்றே உள்ள விசைகளில் அவள் எல்லா வசனத்தையும் அடித்திருந்தாள். அழகாக வந்தது, விட்டுவிட்டோம். அந்த எழுத்துருவை எடுத்தால் அவள் எழுதிய அத்தனையும் போச்சு. மாற்றித் தரும் கருவிகளையும் ஓட்டிப் பார்த்தேன். கடைக்காரர் விசைகளைத் தன் இஷ்டத்துக்கு மாற்றி வைத்திருந்ததால் வரிக்கு வரி பிழை. உட்கார்ந்து முதலிலிருந்து அடிக்க வேண்டும். வெளியீட்டுத் தேதிக்குள் நடக்கிற காரியம் இல்லை.

இரண்டு பேரும் ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனோம். ஓனர் பிரிண்டர் பக்கத்தில் நின்று ஒரு கல்யாண பேனரை வெட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார்.

"ஃபாண்டுக்கு லைசென்ஸா? வண்டிக்குத்தான் கேப்பாங்க. அதுவே என்கிட்ட இல்ல."

"அண்ணே, வெளயாடாதீங்க. இத யாரு செஞ்சதுன்னு தெரியுமா?"

"பாண்டியிலேர்ந்து ஒருத்தன் சிடி கொண்டாந்து குடுத்தான். அதுல இருந்துச்சு. நான்தான் எம்பொண்ணு பேர வெச்சேன்."

இந்தக் கடைகளில் அப்படி ஒரு வழக்கம். எழுத்துருவின் பெயரைக் கடைக்குக் கடை மாற்றிவிடுவார்கள். வேலை செய்கிறவன் கோபித்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனால் அங்கே அதே எழுத்தைத் தேடி எடுக்கக் கூடாதாம். ஒரு கடையில் மகள் பெயர், இன்னொரு கடையில் குலதெய்வம் பெயர், மூன்றாவது கடையில் நடிகை பெயர். மூன்றும் ஒரே எழுத்து. 'நல்லா வெச்சீங்க பேரு' என்று நான் சொன்ன தோரணையில் ஓனருக்கு முகம் சுருங்கிவிட்டது. தோழி என் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தாள்.

ஆனால் அவர் மாற்றியது வெளிப்பெயரை மட்டும்தான். வீட்டுக்கு வந்து கோப்பைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே உரிமைக்கான இடத்தில், யாரும் தொடாமல், செய்தவரின் பெயர் இருந்தது. பெயருக்குப் பின்னால் ஊர்: இரும்பை. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கோ அமெரிக்காவில் இருக்கிற ஆளாக இருந்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். ஸ்கூட்டியில் போய்விட்டு மத்தியான சாப்பாட்டுக்குத் திரும்பி வந்துவிடுகிற தூரத்தில் அந்த மனிதர் இருந்திருக்கிறார்.

மறுநாளே கிளம்பினோம். வழியெல்லாம் நான் பேசிக்கொண்டே ஓட்டினேன். அவர் கையெழுத்துப் போட்டுவிடுவார், சந்தோஷப்படுவார், நாம் போய்க் கேட்பதே பெரிய விஷயம் இல்லையா என்று. இரும்பையில் கோயில் பக்கத்து டீக்கடையில் பெயரைச் சொன்னதும், 'அவரா, குயிலாப்பாளையத்துல வண்டி வாடகைக்கு வுடறாரு' என்றார்கள்.

குயிலாப்பாளையத்தில் அந்தக் கடையைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. வெள்ளைக்காரர்களும் பெங்களூர்ப் பிள்ளைகளும் ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்கிற இடம். போர்டில் இங்கிலீஷ், பிரெஞ்சு. தமிழில் ஓர் எழுத்து இல்லை. ஐம்பது வயதை நெருங்கும் ஒரு மனிதர், ஒரு வண்டியின் கண்ணாடியை முறுக்கிக்கொண்டே, "ஸ்கூட்டியா பைக்காம்மா?" என்றார்.

நான் விஷயத்தைக் கொட்டினேன். கேம், கம்பெனி, மின்னஞ்சல் எல்லாம் ஒரே மூச்சில். அவர் கண்ணாடியை விட்டுவிட்டுக் கையைத் துணியில் துடைத்தார்.

"அது நான் செஞ்சதுன்னு யாரும்மா சொன்னாங்க?"

"ஃபைலுக்குள்ள உங்க பேரு இருக்குதுங்க" என்றாள் தோழி.

"இன்னுமா இருக்குது?" என்றார்.

உட்காரச் சொன்னார். ஓர் அச்சகத்துக்காகச் செய்து கொடுத்தாராம், அவர்கள் புத்தகத்துக்கு மட்டும் என்ற பேச்சில். அங்கே வேலை செய்த ஒருவன் அதைச் சிடியில் போட்டுக் கடை கடையாகக் கொடுத்துவிட்டான். அதன்பிறகு திண்டிவனத்திலிருந்து பாண்டி வரை எந்தச் சுவரைப் பார்த்தாலும் அவருடைய எழுத்துதான்.

"எங்கப்பா செத்தப்ப ஒட்டுன போஸ்டர்லயும் அதான் இருந்துச்சு. எம் பசங்க வேற ஊர்ல அடிச்சாந்தாங்க. அன்னிக்கு அதப் பாக்கவும் முடியல, கிழிக்கவும் முடியல. அதுக்கப்புறம் நான் எழுத்து வேல செய்யறதில்லம்மா."

நான் என் கணினியைத் திறந்து கேமைக் காட்டினேன். உப்பளப் பெண்கள் பேச ஆரம்பித்தார்கள். அவர் குனிந்து படித்தார். ஓர் இடத்தில் சிரித்தும்விட்டார். 'இது யாரு எழுதுனது?' என்று கேட்டார். தோழி கையைத் தூக்கினாள். 'ரொம்ப நல்லா இருக்குது' என்றார். ஆச்சு, காரியம் முடிந்தது என்று நான் பையிலிருந்து, அவர் கையெழுத்துப் போடுவதற்காகக் கம்பெனி அனுப்பியிருந்த அனுமதித் தாளை எடுத்துவிட்டேன்.

"ஒண்ணு கேக்கறேன்" என்றார் அவர். "அந்த வெளிநாட்டுக் கம்பெனி கேக்கலன்னா நீங்க வந்திருப்பீங்களா?"

'வந்திருப்போம் சார், தேடிக்கிட்டுதான் இருந்தோம்' என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் பக்கத்தில் இருந்தவள், "வந்திருக்க மாட்டோங்க" என்றாள்.

அவர் தலையாட்டினார். அவள் உண்மையைச் சொன்னதில் அவருக்குக் கோபம் வந்ததாகத் தெரியவில்லை.

"அப்ப வேணாம்மா. நான் தர்றதா இல்ல."

"சார், காசு வேணும்னா..."

"காசுக்கு இல்ல."

எனக்கு வந்ததே கோபம். "ஊரே திருடிக்கினு கெடக்குது. அவங்கள ஒண்ணும் சொல்லல. மொறையா கேட்டு வந்தவங்களுக்கு இல்லன்னு சொல்றீங்களே, இது எந்த ஊரு நியாயம் சார்?" என்று கத்திவிட்டேன். ஸ்கூட்டர் எடுக்க வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

அவர் குரலை உயர்த்தவில்லை. "கேக்கறதுன்னா, இல்லன்னு சொல்றதுக்கும் எடம் வுடணும் இல்லம்மா? நீங்க தாள எடுத்து வெச்சுக்கினு கேக்கறீங்க."

திரும்பி வரும்போது எதிர்க்காற்று. நான் அவரைத் திட்டிக்கொண்டே வண்டி ஓட்டினேன். பிடிவாதக்காரன், வயிற்றெரிச்சல் பிடித்தவன், தானும் படுக்க மாட்டான் தள்ளியும் படுக்க மாட்டான். தோழி ஒரே ஒரு தடவைதான் பேசினாள். "அவரு எழுத்து. அவரு இல்லன்றாரு. முடிஞ்சுபோச்சு, வுடு." எனக்கு அவள்மேலும் கோபம் வந்தது.

கம்பெனியிலிருந்து மறுபடி எழுதினார்கள். இணையக் கடையின் பெரிய தள்ளுபடி வாரத்தில் எங்கள் கேமுக்கு இடம் பிடித்திருக்கிறார்களாம். தமிழ் எழுத்துருவுக்கு உரிமம் இல்லையென்றால் பரவாயில்லை, இப்போதைக்கு இங்கிலீஷில் மட்டும் விடலாம், தமிழைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். எனக்கு இது சரி என்றுதான் பட்டது. அவளை மாடிக்கு வரச்சொல்லி இதைச் சொன்னேன்.

"தமிழ் இல்லாமயா?" என்றாள். "குப்பத்துல அத்தன பேரும் கேட்டுக்கினு இருக்கறாங்க. எங்கம்மா செல்லுல போட்டுக் காட்டுன்னுது. இங்கிலீஷ்ல வுட்டா எங்கம்மா இன்னாத்தப் படிக்கும்?"

"கொஞ்ச நாள்ல சேத்துடலாம்டி."

"சேக்க மாட்ட. ஒருவாட்டி வெளிய வுட்டுட்டா நீ அடுத்த வேலைக்கு ஓடிடுவ. உன்ன எனக்குத் தெரியாதா?"

தெரியும்தான். அதனால்தான் எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அப்ப ஒண்ணு பண்ணலாம்" என்று கணினியைத் திருப்பினேன். கம்பெனியின் படிவத்தில் கடைசியில் ஒரு கட்டம் இருந்தது: இதில் உள்ள எல்லாவற்றுக்கும் எங்களிடம் உரிமை இருக்கிறது. "டிக் போட்டுடறேன். குயிலாப்பாளையத்துல ஸ்கூட்டர் வாடகைக்கு வுடறவரு வந்து கேஸ் போடப்போறாரா? தமிழும் வந்துடும், தேதியும் போவாது."

மவுஸ் என் கையில் இருந்தது. அவள் தடுக்கவில்லை. எழுந்துகூட நிற்கவில்லை.

"போடு. எழுத்து அவருது, அது உம்பாடு அவரு பாடு. ஆனா பேச்சு என்னுது. அதுக்கு நான் உனக்கு லைசென்ஸ் குடுத்தேனா?"

"இன்னாடி பேசற? நமக்குள்ள இன்னாடி லைசென்ஸு?"

"நமக்குள்ளன்னு சொல்லித்தான் கேக்காமயே எடுத்துக்கின. படம் என்னுது. அந்தப் பொம்பளைங்க பேசறது எல்லாம் என்னுது. கம்பெனிக்காரன் போட்ட அக்ரிமெண்டுல யாரு கையெழுத்து இருக்குது? உன்னுது மட்டும்தான."

"உம்பேரு கேம்ல முதல்ல வருதுடி!"

"பேரு வருது. நான் பேரக் கேக்கல." அவள் இப்போதுதான் எழுந்து நின்றாள். "ஃப்ளெக்ஸ் கடையில எத்தினி பேனரு போட்டேன். எல்லாத்துக்கும் கீழ கடை நம்பருதான் இருக்கும். நான் ஒண்ணும் சொன்னதில்ல. அது கூலி வேல. இது அப்பிடி இல்லன்னு நெனச்சுத்தான் வந்தேன்."

"சரி, அப்ப இங்கிலீஷ்ல மட்டும் வுடறேன்" என்றேன், வீம்புக்கு.

"இங்கிலீஷும் என் பேச்சத்தான நீ மாத்தி எழுதுன? அதுக்கும் நான் ஒத்துக்கல."

சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள். நான் நாற்காலியை உதைத்தேன். கால்விரல்தான் வலித்தது.

அன்று மாலை வரை உப்பள வரப்பில் நடந்தேன். ஒரு முனைக்குப் போவேன், போன் அடிப்பேன், எடுக்க மாட்டாள், திரும்பி மறுமுனைக்கு நடப்பேன். வாரிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தர், 'இன்னா பாப்பா, வரப்பத் தேச்சே கரைச்சுடுவ போலக்குது' என்று கிண்டல் செய்தார். மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்பதுதான் என்னைப் பாடாய்ப்படுத்தியது. முன்பின் தெரியாத ஆளிடம் கையெழுத்து வாங்க அவ்வளவு தூரம் வண்டியை விரட்டிக்கொண்டு போனேன். என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. அவளுடைய அப்பாவுக்கு உப்பளம் இருந்து, நான் குப்பத்துப் பெண்ணாக இருந்திருந்தால் அவள் என்னிடம் கேட்டிருப்பாளா? தெரியாது. ஆனால் இந்தக் கேள்வி வந்ததும் எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

கம்பெனிக்குத் தேதியைத் தள்ளிப்போடச் சொல்லி எழுதினேன். அவர்களுக்கு வருத்தம். அந்த வாரத்து இடம் போயிற்று, இனி மழைக்காலம் கழித்துத்தான் என்றார்கள். சரி என்றேன்.

பிறகு ஒரு தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். படங்களும் வசனமும் அவளுடையவை, அவற்றைக் கேமில் வைக்கவும் விற்கவும் மொழிபெயர்க்கவும் அவளிடம் அனுமதி கேட்கிறேன், வருமானத்தில் பாதி அவளுக்கு. இவ்வளவுதான் விஷயம். எழுதி எழுதிக் கிழித்தேன். ஒவ்வொரு தடவையும் நான் ஏதோ அவளுக்குக் கொடுக்கிற மாதிரியே வாக்கியம் வந்து நின்றது. கேட்கிற மாதிரி எழுத வரவில்லை. ஒருவழியாக முடித்து எடுத்துக்கொண்டு காலையில் குப்பத்துக்குப் போனேன்.

படகுகள் வந்து மீன் ஏலம் நடந்துகொண்டிருந்தது. அவள் அம்மாவோடு ஐஸ் பெட்டியில் மீனை அடுக்கிக்கொண்டிருந்தாள். தாளை வாங்கி, ஈரக்கை படாமல் நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"ஒரு பக்கம்தாண்டி. இப்பவே படியேன்."

"படிச்சுட்டு சொல்றேன்."

"எப்ப சொல்லுவ?"

"படிச்சுட்டு சொல்றேன்னு சொன்னன் இல்ல?"

அந்த நாட்களை நான் எப்படி ஓட்டினேன் என்று கேட்காதீர்கள். சோறு இறங்கவில்லை. அம்மா மோர் குடிக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார். சும்மா இருக்க முடியாமல், தமிழ் எழுத்துகள் ஒழுங்காகச் சேருவதற்கான புரோகிராமை நானே எழுதினேன். யாரும் பயன்படுத்தலாம் என்று செய்தவர்களே நிபந்தனைகளோடு எழுதி வைத்திருக்கிற ஓர் எழுத்துருவை எடுத்து வைத்தேன். அந்த அனுமதியை இந்தத் தடவை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தேன். எழுத்துரு சரியாக நின்றது. திரையில் காட்ட வசனம்தான் இல்லை. அவள் இல்லை என்று சொன்னால் இந்த மாடியில் எனக்கு வேலையே இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஒரு மத்தியானம் அவள் வந்தாள். தாளை மேசைமேல் வைத்தாள். கையெழுத்துப் போட்டிருந்தாள். அதற்கு மேலே பேனாவால் ஒரு வரி சேர்த்திருந்தாள்: 'இந்த ஒரு கேமுக்கு மட்டும். தமிழ் முதல் நாளே வர வேண்டும்.'

இரண்டாவது வாக்கியம் எனக்குப் பிரச்சினை இல்லை. முதல் வாக்கியம் அறைந்த மாதிரி இருந்தது. நாங்கள் ஒரே டிபன் பாக்ஸில் தின்று வளர்ந்தவர்கள். "இன்னாடி இது, ஒரு கேமுக்கு மட்டும்னு?" என்றேன். என் குரல் எனக்கே அழுகிற மாதிரி கேட்டது.

"அடுத்ததுக்கு வந்து கேளு" என்றாள். "குடுத்தாலும் குடுப்பேன்."

பிறகு கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு முதல் வசனத்திலிருந்து மறுபடி அடிக்க ஆரம்பித்தாள். அடிக்க அடிக்கத் திருத்தினாள். பழையதைவிடப் பல இடங்களில் நன்றாக வந்தது. மழை ஓய்ந்த பிறகு கேம் வந்தது, முதல் நாளே தமிழோடு. அவள் அம்மா செல்லில் விளையாடி, உப்பெல்லாம் கரைந்துபோய், அந்தப் பெண்களிடம் வசவு வாங்கி, திரும்ப அவர்களையே திட்டியதைக் குப்பமே சுற்றி நின்று பார்த்ததாம். எனக்குப் பிறகுதான் சொன்னார்கள்.

இப்போது இன்னொரு கேம் என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. கடலைப் பற்றியது. அவள் இல்லாமல் அதில் யாருக்கும் வாய் கிடையாது. தாளைக்கூட எழுதி வைத்துவிட்டேன், வேண்டுமென்றே கையெழுத்துக்கான இடம் விடாமல். கையெழுத்தை எதிர்பார்த்துத் தாளை நீட்டிக்கொண்டு குயிலாப்பாளையத்துக்காரரிடம் நின்ற மாதிரி மறுபடி நிற்கக் கூடாது. தினமும் அவள் மாடிக்கு வருகிறாள், கேமில் வந்த பிழைகளைத் திருத்துகிறோம், டீ குடிக்கிறோம், வம்பு பேசுகிறோம். கேட்க வேண்டியதுதானே என்று ஒவ்வொரு நாளும் எழுந்து இரண்டு தடவை அறையைச் சுற்றிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். இல்லை என்று சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது.